ஒரு பாடமும் ஒரு சாராயக்கடையும்: இந்தியாவில் வயதுவந்தோர் எழுத்தறிவு நூல்களின் வரலாறு

1990களின் தொடக்கத்தில் ஆந்திரப் பிரதேசத்தின் நெல்லூர் மாவட்டத்தில், பகலெல்லாம் கூலி வேலை செய்துவிட்டு இரவு வகுப்புக்கு வந்த பெண்களின் கையில் மெல்லிய பாடநூல் ஒன்று இருந்தது. அதில் ‘சீதம்மா கதை’ என்றொரு பாடம். கணவனின் குடியால் சீரழிந்த ஒரு பெண்ணின் வாழ்வே அதன் பொருள். அந்த வகுப்புகளிலிருந்து எழுந்த சாராய எதிர்ப்பு, சில ஆண்டுகளில் மாநில அரசின் கொள்கையையே மாற்றியது. எழுத்தறிவின் ஆற்றலுக்குச் சான்றாக இந்நிகழ்வு அடிக்கடி எடுத்துரைக்கப்படுகிறது. ஆனால் அப்படியொரு பாடம் அந்த நூலுக்குள் எவ்வாறு இடம்பெற்றது என்ற கேள்வி பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. அதற்கான விடை, வயதுவந்த ஒருவர் முதலில் எதைப் படிக்க வேண்டும் என்பது குறித்து அதற்கு முன் பல பத்தாண்டுகள் நடந்த விவாதத்தில் இருக்கிறது.

1951ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் எழுத்தறிவு 18.33 விழுக்காடு, பெண்களிடையே 8.86 விழுக்காடு மட்டுமே. பள்ளிப் பருவத்தைக் கடந்துவிட்ட கோடிக்கணக்கானோருக்கு எழுத்தைக் கற்பிக்கும் பொறுப்பு புதிய குடியரசின் முன் நின்றது. கைவசம் இருந்ததோ குழந்தைகளுக்குரிய முறை: முதலில் உயிரெழுத்துகள், பின்னர் மெய், அதன்பின் நெடிய உயிர்மெய் வரிசை. குழந்தைக்கு இதற்கு ஆண்டுக்கணக்கில் நேரம் உண்டு. நடவு முடித்து, சமைத்து, பிள்ளைகளை உறங்கவைத்தபின் விளக்கடியில் அமரும் பெண்ணுக்கு ஒன்றிரண்டு மணி நேரமே உண்டு. பொருளுள்ள ஒரு சொல்லை எட்டும் முன்பே பலர் வகுப்பை விட்டு நின்றனர்.

இச்சிக்கலுக்கு விடைதேடியவர்களுள் ஒருவர் அமெரிக்க மறைப்பணியாளர் ஃபிராங்க் லாபாக். பிலிப்பைன்ஸின் லனாவோ பகுதியில் 1930 அளவில் அவர் உருவாக்கிய முறை, எழுத்தின் வடிவத்தையும் பழக்கமான பொருளின் படத்தையும் இணைத்துக் கற்பித்தது. ‘ஒருவர் ஒருவருக்குக் கற்பிப்போம்’ என்ற முழக்கமும் அவருடையதே. 1935 முதல் அவர் இந்தியாவுக்கு வந்து பல மொழிகளில் இம்முறையைப் பரப்ப முயன்றார். 1953இல் வெல்தி ஃபிஷர் அலகாபாத்தில் தொடங்கி, பின்னர் இலக்னோவுக்கு இடம்பெயர்ந்த எழுத்தறிவு இல்லம் இம்முயற்சிக்கு நிறுவன வடிவம் தந்தது. ஆசிரியர் பயிற்சி, பொம்மலாட்டம், புதிதாகப் படிக்கக் கற்றோருக்கான எளிய நூல்கள் என அதன் பணி விரிந்தது. எழுத்துக் கற்றவருக்குப் படிப்பதற்கு ஏதேனும் இருக்க வேண்டும், இல்லையேல் கற்றது மறந்துபோகும் என்பதை அது தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தது.

இக்கட்டத்தில் விவாதம் பெரும்பாலும் வேகம் பற்றியதாகவே இருந்தது. எந்த எழுத்தை முதலில் கற்பித்தால் விரைவாகக் கற்பார்கள்? அடிக்கடி வருவதும் எழுத எளியதுமான எழுத்துகளிலிருந்து தொடங்குவது இதற்குக் கிடைத்த விடைகளுள் ஒன்று. எனினும் அது பாதி விடைதான். தமிழையே எடுத்துக்கொள்வோம். ப, ட என்னும் எளிய வடிவங்களிலிருந்து தொடங்கினால் ‘படம்’ என்றும் எழுதலாம், ‘பட்டா’ என்றும் எழுதலாம். எழுதும் கைக்கு இரண்டிற்கும் பெரிய வேறுபாடில்லை. ஆனால் நிலமற்ற ஒருவர் ‘பட்டா’ என்ற சொல்லை முதன்முறையாகத் தாமே எழுதும்போது வகுப்பில் எழும் பேச்சு வேறு.

அந்தப் பேச்சையே கற்பித்தலின் மையமாக்கியவர் பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃபிரெய்ரே. 1963இல் அங்கிகோஸ் என்னும் ஊரில் ஏறத்தாழ 300 தொழிலாளர்களுக்கு நாற்பது மணி நேரத்தில் எழுதப்படிக்கக் கற்பிக்கும் முயற்சியை அவர் நடத்தினார். மக்களின் வாழ்விலிருந்து தேர்ந்தெடுத்த சில சொற்களே பாடம். செங்கல் என்ற சொல்லை அசைகளாகப் பிரிப்பதற்கு முன், செங்கல்லைச் சுமப்பவர் யார், அதனால் எழும் வீடு யாருடையது என்ற உரையாடல் நடக்கும். 1964இன் இராணுவப் புரட்சிக்குப் பின் அவர் சிறைப்பட்டதும் நாடு கடந்து வாழ நேர்ந்ததும் இம்முறையை ஆட்சியாளர் எவ்வாறு புரிந்துகொண்டனர் என்பதைக் காட்டும்.

இந்திய அரசின் பார்வை அதுவரை வேறு திசையில் இருந்தது. 1967-68இல் தொடங்கிய உழவர் செயல்முறை எழுத்தறிவுத் திட்டம் பசுமைப் புரட்சியோடு பிணைந்தது. உயர் விளைச்சல் விதை, உரம், பூச்சிமருந்து ஆகியவற்றைப் பயன்படுத்தத் தெரிந்த உழவரை உருவாக்குவது அதன் நோக்கம். இங்கும் பாடம் வாழ்விலிருந்தே வந்தது. ஆனால் எந்த வாழ்வு? விதையும் உரமும் வாங்க வசதியுள்ள, பெரும்பாலும் ஆணாகிய உழவனின் வாழ்வு. கூலிப் பெண்ணுக்கு அந்நூலில் இடம் குறைவு.

1978 அக்டோபர் 2இல் தொடங்கப்பட்ட தேசிய வயதுவந்தோர் கல்வித் திட்டம் ஒரு திருப்பம். எழுத்தறிவு, செயல்திறன் ஆகியவற்றோடு ‘விழிப்புணர்வு’ என்பதையும் மூன்றாவது கூறாக அது சேர்த்தது. ஃபிரெய்ரேயின் செல்வாக்கு இதில் வெளிப்படை. ஐந்து ஆண்டுகளில் பத்துக் கோடிப் பேர் என்ற இலக்கு எட்டப்படவில்லை. ஆனால் அடித்தட்டு மக்களின் நிலை பற்றிய பேச்சு எழுத்தறிவு வகுப்பின் நியாயமான பகுதியே என்ற ஒப்புதல் அரசு ஆவணத்தில் பதிவானது. பின்னாளில் பாடநூல் எழுதியோர் நின்றுகொள்ள அது ஒரு தளமாயிற்று.

1988 மே மாதம் தேசிய எழுத்தறிவு இயக்கம் தோன்றியது. இது இரண்டு வேறுபட்ட போக்குகளை ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவந்தது. ஒன்று, அளவீடு. மூன்று பாடநூல்கள், ஏறத்தாழ 200 மணி நேரம், நூலுக்குள்ளேயே தேர்வுகள் என அமைந்த புதிய முறையில், நிமிடத்துக்கு 30 சொற்கள் உரக்கப் படித்தல், 7 சொற்கள் பார்த்தெழுதுதல், 5 சொற்கள் சொல்வதெழுதுதல், 1 முதல் 100 வரை எண்ணறிதல் ஆகியன எழுத்தறிவின் வரையறையாயின. மற்றொன்று, மக்கள் இயக்கம். 1989இல் எர்ணாகுளம் மாவட்டத்தில் நடந்த முழு எழுத்தறிவு இயக்கம் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்களைத் திரட்டியது. 1990 பிப்ரவரி 4இல் அது முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. கலைஜாதாக்களும் வீதி நாடகங்களும் வழியாக இந்த முன்மாதிரி பிற மாவட்டங்களுக்குப் பரவியது. புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றதும் இக்காலத்தில்தான்.

நெல்லூரின் பாடநூல் இந்த இரு போக்குகளும் சந்தித்த இடத்தில் பிறந்தது. அம்மாவட்டத்தில் சாராயம் ஏலம் எடுத்த ஒப்பந்ததாரர்கள் வழியாகப் பாக்கெட்டுகளில் ஊர்தோறும் விற்கப்பட்டது. அதன் வருவாயை மாநில அரசு பெரிதும் நம்பியிருந்தது. ஆண்களின் கூலி வீட்டுக்கு வரும் முன்பே கரைந்தது. இதுவே படிக்க வந்த பெண்களின் அன்றாடம். ‘சீதம்மா கதை’ அதைப் பெயர்சொல்லி அழைத்தது. தூபகுண்டா என்னும் சிற்றூரில் குடிபோதையில் சிலர் ஏரியில் விழுந்து உயிரிழந்தபோது, வகுப்பில் கூடிப் பேசிப் பழகியிருந்த பெண்கள் சாராயக்கடையை மூடவைத்தனர். அவர்களுள் ரோசம்மாவின் பெயர் பின்னர் மாநிலமெங்கும் அறியப்பட்டது. அடுத்து நிகழ்ந்ததே கற்பித்தல் வரலாற்றில் தனித்துக் கவனிக்கத்தக்கது. அச்செயல் ‘பெண்கள் ஒன்றுபட்டால்’ என்னும் பொருளுடைய தலைப்பில் பாடமாக அச்சேறிப் பிற ஊர்களின் வகுப்புகளுக்குச் சென்றது. பாடத்தைப் படித்தவர்கள் அடுத்த பாடத்தின் பொருளாயினர்.

1992இல் பெண்களின் மறியலால் நெல்லூரில் சாராய ஏலங்கள் மீண்டும் மீண்டும் தள்ளிவைக்கப்பட்டன. 1993 ஏப்ரலில் அம்மாவட்டத்திலும், அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் மாநிலம் முழுவதும் சாராயம் தடைசெய்யப்பட்டது. 1995இல் முழு மதுவிலக்கு வந்தது. 1997இல் அது தளர்த்தப்பட்டது.

இதை ஒரு பாடநூலின் வெற்றியாக மட்டும் எழுதுவது வரலாற்றுக்கு நியாயமாகாது. களப்பணியாளர்கள், பெண்கள் அமைப்புகள், அரசியல் கட்சிகள், நாளேடுகள் என்று பலருக்கும் இதில் பங்குண்டு. போராட்டத்தில் நின்ற எல்லோரும் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுவிட்டவர்களும் அல்லர். ஒருவர் படிக்கப் பலர் கேட்டனர். பெண்கள் இரவில் ஓரிடத்தில் கூடுவதற்கு ஊர் ஒப்பிய ஒரே காரணமாக வகுப்பு இருந்தது என்பதே எழுத்தினும் பெரிய உதவியாக இருந்திருக்கக்கூடும். ஆனால் கூடியவர்கள் எதைப் பேசுவது என்பதற்குத் தொடக்கம் தந்தது பாடமே. உரம் பற்றிய பாடம் அந்தப் பேச்சைத் தந்திருக்காது.

நிமிடத்துக்கு 30 சொற்கள் என்ற அளவுகோலில் இவை எதுவும் பதிவாகாது. அந்த அளவுகோல் தேவையற்றது என்பதும் இதன் பொருளன்று. பேச்சு வளர்ந்து படிப்பு வளராத வகுப்பும் கற்க வந்தவரை ஏமாற்றியதே ஆகும். பேருந்துப் பலகையையும் கூலிக் கணக்கையும் தாமே படிக்க விரும்பியே பலர் வந்தனர். முறை சரியாக இருந்தால் கற்பார்கள். பொருள் தம்முடையதாக இருந்தால் வகுப்பில் நிலைப்பார்கள். இயக்கங்கள் ஓய்ந்தபின் பல இடங்களில் கற்றவர்கள் மீண்டும் எழுத்தை மறந்ததற்கு, தொடர்ந்து படிக்கத் தக்க நூல்கள் ஊருக்கு வந்துசேராததும் ஒரு காரணம்.

2009இல் பெண்களை முன்னிறுத்தித் தொடங்கிய சாக்ஷர் பாரத், 2022 முதல் நடைமுறையிலிருக்கும் புதிய இந்தியா எழுத்தறிவுத் திட்டம் ஆகியவற்றில் கருவிகள் மாறியுள்ளன. கரும்பலகை இருந்த இடத்தில் இன்று கைபேசித் திரையும் இருக்கிறது. எனினும் இத்திட்டங்களை ஆராய முற்படும் மாணவர், சேர்க்கை எண்ணிக்கைக்கும் தேர்ச்சி விழுக்காட்டுக்கும் முன்னால் பாடநூலின் முதல் சில பக்கங்களைத் திறந்து பார்ப்பது நல்லது. முதற்சொல் எது, படத்தில் இருப்பவர் யார், அவர் செய்யும் வேலை என்ன, கேள்வி கேட்பவர் யார் என்று குறித்துக்கொண்டால், அத்திட்டம் தன் கற்போரை யாராகக் கருதியது என்பது அப்பக்கங்களிலேயே தெரிந்துவிடும்.