சுல்தானின் காசில் திருமகள்

என்னிடமுள்ள காசுகளில் விலை குறைந்தது ஒரு ஜீத்தல். செம்பில் கொஞ்சம் வெள்ளி கலந்தது; எடை மூன்று கிராமுக்குச் சற்று மேல். ஒரு பக்கம் ஈட்டியோடு குதிரைவீரன், மறுபக்கம் படுத்திருக்கும் நந்தி. இந்து ஷாஹி அரசர்கள் வெள்ளியில் பொறித்துப் பரப்பிய உருவங்கள் இவை. ஆனால் என் காசு முகம்மது கோரியுடையது. குதிரைவீரனின் பக்கத்தில் நாகரியில் ‘ஸ்ரீ ஹமீர’ என்றிருக்கிறது. ‘அமீர்’ வட இந்திய வாயில் அப்படி ஆகிவிட்டது.

கோரி 1192இல் தராயினிலும் 1194இல் சந்தாவரிலும் வென்றான். பிறகு வெளியிட்ட பொற்காசில் ஒரு பக்கம் அமர்ந்த கோலத்தில் லட்சுமி. மறுபக்கம் நாகரியில் மூன்று வரியில் அவன் பெயர். தந்தை பெயரைச் சுட்டும் ‘பின்’ அதில் ‘பினி’ ஆகியிருக்கிறது. தேவியின் உருவமும் தேய்ந்து, கோடும் புள்ளியுமாகத்தான் தெரியும். தெரியாதவருக்குக் காட்டினால் தவளையா என்று கேட்பார்கள்.

அவனுக்கு முன்பே கஜினி முகமது ஒரு படி மேலே போயிருந்தான். சோமநாதபுரத்தைச் சூறையாடிய ஓரிரு ஆண்டுகளில், ஹிஜ்ரி 418இல், லாகூரில் வெள்ளித் திர்ஹம் அடித்தான். ஒரு பக்கம் அரபியில் கலிமா, மறுபக்கம் அதன் சமஸ்கிருத வடிவம். அதில் இறைவன் ‘அவ்யக்தம்’, நபிகள் ‘அவதாரம்’. மென்பொருளை மொழிமாற்றும் திட்டங்களில் உழன்றவன் என்பதால், பெயர் தெரியாத அந்த மொழிபெயர்ப்பாளர்மேல் எனக்குத் தனிப் பிரியம். அவதாரம் என்ற கருத்தையே ஏற்காத மார்க்கத்துக்கு அந்தச் சொல்லைக் கொடுத்திருக்கிறாரே, எத்தனை இரவு தூங்காமல் யோசித்தாரோ!

நண்பர்களிடம் இந்தக் காசுகளின் படத்தைக் காட்டினால் இரண்டு பதில்தான் வரும். ‘பார், எவ்வளவு சகிப்புத்தன்மை’ என்பார் ஒருவர். ‘நம் தெய்வத்தையும் கைப்பற்றிக்கொண்டான்’ என்பார் இன்னொருவர். எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. காளசூரி அரசன் காங்கேயதேவன் தொடங்கி காகடவாலர் தொடர்ந்த அந்த லட்சுமி வடிவம், கோரி வரும்போது நூற்றைம்பது ஆண்டுப் பழையது. வணிகர் நம்பி வாங்கிய பொன் அது. அக்கசாலையில் அச்சு வெட்டிய கைகளும் பழைய கைகளாகத்தான் இருந்திருக்க வேண்டும். அரசன் மாறினான், சந்தையில் பொன்னை உரசிப் பார்ப்பவன் மாறவில்லை.

இலங்கையிலும் இதே கதைதான். ராஜராஜன் பெயரிட்ட, நிற்கும் உருவமும் அமர்ந்த உருவமும் கொண்ட காசை, சோழர் போய்ப் பல பத்தாண்டுகள் கழிந்தும் பராக்கிரமபாகு தன் பெயரை நாகரியில் போட்டு அப்படியே அடித்தான். அதை யாரும் சகிப்புத்தன்மை என்று சொல்லிக் கேட்டதில்லை.

போன ஆண்டு அந்த லட்சுமி பொற்காசு ஒன்று என் கைக்கெட்டும் விலையில் வந்தது. எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். ‘பழைய சேகரிப்பு’ என்றார் விற்பவர். யாருடையது, எந்த ஆண்டு இந்தியாவை விட்டு வெளியேறியது என்பதற்குத் துண்டுக் காகிதம்கூட இல்லை. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குப் பின், நூறாண்டு கடந்த காசைத் தனியார் அங்கிருந்து வெளியே கொண்டுவர முடியாது. இரண்டு நாள் மனம் அலைந்தது. உண்மையைச் சொன்னால், கேள்வியே கேட்காமல் வாங்கியிருக்கலாமோ என்றுகூடத் தோன்றியது. கடைசியில் வேண்டாமென்று எழுதிவிட்டேன். அந்த வாரமே வேறு யாரோ வாங்கிவிட்டார்கள்.

என் ஜீத்தலுக்கு மட்டும் காகிதம் இருக்கிறதா என்று மனைவி கேட்டாள். இல்லை.