எலும்புப்புரை

எலும்புப்புரை என்பது எலும்பின் அடர்த்தி குறைந்து, அதன் உள்ளமைப்பு நலிவடைவதால், எலும்புகள் எளிதில் முறியக்கூடிய நிலையை அடையும் ஒரு நோயாகும். ஆஸ்டியோபோரோசிஸ் என்னும் இதன் மருத்துவப் பெயர், எலும்பு, துளை ஆகிய பொருள்களைத் தரும் கிரேக்கச் சொற்களிலிருந்து தோன்றியது. எலும்பு முறியும்வரை இந்நோய் பொதுவாக வலியோ வேறு அறிகுறியோ தருவதில்லை. எனவே பலருக்கு முதல் முறிவே முதல் அறிகுறியாக அமைகின்றது.

இந்நோய் மூட்டுத் தேய்விலிருந்து வேறுபட்டதாகும். மூட்டுத் தேய்வில் முதன்மையாகப் பாதிக்கப்படுவது மூட்டும் அதன் குருத்தெலும்பும் ஆகும்; எலும்புப்புரையில் எலும்பே வலுவிழக்கின்றது.

உருவாகும் விதம்

எலும்பு ஓர் உயிருள்ள இழையமாகும். ஆஸ்டியோகிளாஸ்ட் எனப்படும் உயிரணுக்கள் பழைய எலும்பை அரித்து அகற்ற, ஆஸ்டியோபிளாஸ்ட் எனப்படும் உயிரணுக்கள் அவ்விடத்தில் புதிய எலும்பை உருவாக்குகின்றன. வளர்ந்தோரில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 10 விழுக்காடு எலும்பு இவ்வாறு புதுப்பிக்கப்படுகின்றது. ஏறத்தாழ 30 வயதளவில் எலும்புத் திணிவு உச்சத்தை அடைகின்றது. பின்னர் அரிப்பு ஆக்கத்தை விஞ்சும்போது எலும்பு மெலியத் தொடங்குகின்றது. ஈஸ்ட்ரோஜன் இயக்குநீர் இவ்வரிப்பைக் கட்டுப்படுத்துவதால், மாதவிடாய் நின்றபின் பெண்களில் இழப்பு விரைவடைகின்றது. ஆண்களும் இந்நோய்க்கு உள்ளாகலாம்.

இடர்க் காரணிகள்

• முதுமை
• 45 வயதுக்கு முன் மாதவிடாய் நிற்றல், அல்லது அறுவை மூலம் சூலகங்கள் அகற்றப்படல்
• பெற்றோருக்கு இடுப்பு எலும்பு முறிந்திருத்தல்
• பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகளை 3 மாதங்களுக்கு மேல் உட்கொள்ளல்
• முடக்குவாதம், மிகைத் தைராய்டு சுரப்பு போன்ற நோய்கள்
• புகைத்தல், மிகையான மதுப்பழக்கம், உடலுழைப்பின்மை, குறைந்த உடல் எடை
• கால்சியம், உயிர்ச்சத்து டி ஆகியவற்றின் குறைபாடு

முறிவுகள்

நின்ற நிலையிலிருந்து கீழே விழுவது போன்ற சிறு விபத்திலேயே எலும்பு முறிவது இந்நோயின் அடையாளமாகும். மணிக்கட்டு, முள்ளெலும்பு, இடுப்பு ஆகியவை அதிகம் முறியும் இடங்களாகும். முள்ளெலும்பு முறிவு சாதாரண முதுகுவலியாகக் கருதப்பட்டுக் கவனிக்கப்படாமல் போவதுண்டு. முதுமையின் இயல்பு எனக் கொள்ளப்படும் கூன், உயரக் குறைவு ஆகியவை சிலவேளைகளில் இம்முறிவுகளின் விளைவேயாகும். இடுப்பு முறிவுக்குப் பின் பலர் பழையபடி தனித்து நடமாட இயலாமல் போகின்றனர்.

ஒருமுறை முறிவு ஏற்பட்டவருக்கு மற்றொரு முறிவு ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காகின்றது. ஆகவே மணிக்கட்டுக்கு மாவுக்கட்டு இடுவதோடு நின்றுவிடாமல், எலும்பின் அடர்த்தியையும் சோதித்தறிவது இன்றியமையாததாகும்.

கண்டறிதல்

எலும்பின் பெரும்பகுதி இழக்கப்படும்வரை சாதாரண எக்ஸ் கதிர்ப் படத்தில் இந்நோய் தெளிவாகத் தெரிவதில்லை. இதற்கென டெக்சா எனப்படும் குறைந்த கதிரளவுச் சோதனை பயன்படுத்தப்படுகின்றது. இதன் முடிவு, நலமான இளவயதினரின் சராசரியுடன் ஒப்பிட்டு டி-மதிப்பெண்ணாகத் தரப்படுகின்றது. 1994 ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வரையறைப்படி:

• -1 அல்லது அதற்கு மேல்: இயல்பு நிலை
• -1 க்கும் -2.5 க்கும் இடையில்: எலும்பு மெலிவு
• -2.5 அல்லது அதற்குக் கீழ்: எலும்புப்புரை

சிகிச்சை

அலென்ட்ரோனேட் போன்ற பிஸ்பாஸ்போனேட் மருந்துகள் எலும்பு அரிப்பைக் குறைக்கின்றன. வாரம் ஒருமுறை உட்கொள்ளப்படும் இம்மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில், ஒரு குவளை நீருடன் விழுங்கி, குறைந்தது 30 நிமிடங்கள் படுக்காமல் இருத்தல் வேண்டும். இல்லையேல் உணவுக்குழாயில் புண் ஏற்படலாம். டெனோசுமாப் 6 மாதங்களுக்கு ஒருமுறை ஊசியாக இடப்படுகின்றது. மாற்று மருந்தின்றி இதனை நிறுத்தினால் முள்ளெலும்பு முறிவுகள் ஏற்படக்கூடும். டெரிபாரடைட் புதிய எலும்பு உருவாவதைத் தூண்டுகின்றது. எம்மருந்தையும் மருத்துவரின் அறிவுரைப்படியே தொடங்கவும் நிறுத்தவும் வேண்டும்.

தடுப்பு

50 வயதைக் கடந்த பெண்களுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,200 மில்லிகிராம் கால்சியம் பரிந்துரைக்கப்படுகின்றது. பால், தயிர், முள்ளுடன் உண்ணப்படும் சிறுமீன்கள் ஆகியவை கால்சியம் மிகுந்தவை. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கும் கூடுதலான கால்சியம் உள்ளது. நடத்தல், படியேறுதல் போன்ற உடல் எடையைத் தாங்கும் பயிற்சிகளும், தசைகளை வலுவாக்கும் பயிற்சிகளும் எலும்புக்கு நன்மை தருகின்றன.

விழாமல் காப்பதும் தடுப்பின் ஒரு பகுதியே ஆகும். குளியலறையில் கைப்பிடி, வழுக்காத தரை, இரவில் போதிய வெளிச்சம், கண்பார்வைச் சோதனை ஆகியவை இதற்கு உதவுகின்றன.

ஆண்டுதோறும் அக்டோபர் 20 உலக எலும்புப்புரை நாளாகக் கடைப்பிடிக்கப்படுகின்றது.