வீட்டுக்குள்ள ஒரு ஸ்டுடியோ - மல்டிடிராக் வந்த கதை

வீட்டு கம்ப்யூட்டர்ல பாட்டு ரெக்கார்ட் பண்ண இறங்குற எல்லாரையும் முதல் நாளே மண்டை காய வைக்கிற சமாச்சாரம் ஒண்ணு இருக்கு. ஏற்கனவே பதிஞ்ச கிடாரை ஹெட்போன்ல கேட்டுக்கிட்டே அது மேல பாடணும். வாயைத் திறந்தா, நம்ம குரலே கிணத்துக்குள்ள இருந்து யாரோ திருப்பிப் பாடுற மாதிரி கொஞ்சம் தள்ளிக் காதுக்கு வரும். லேட்டன்சி!

இது கம்ப்யூட்டர் கொண்டு வந்த வியாதின்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. இல்லைங்க. இதோட தாத்தா டேப் காலத்துலயே இருந்தார். அவரைத் தேடிப் போனதுல மல்டிடிராக் கதை மொத்தமும் கையில மாட்டிச்சு.

கதையோட நாயகன் லெஸ் பால். அமெரிக்க கிடார் கலைஞர். 1915-ல் பிறந்து 2009 வரைக்கும் இருந்தவர். தானே எட்டு கிடார் வாசிக்கணும்னு இவருக்கு ஆசை. 'லவர்'ங்கிற பாட்டை 1948-ல் அப்படித்தான் வெளியிட்டார். அதுக்கு அவர் டேப்பையே தொடலை. ஒரு இசைத்தட்டுல வாசிச்சுப் பதிவார், அதை ஓடவிட்டு கூடவே வாசிச்சு ரெண்டையும் சேர்த்து அடுத்த தட்டுல பதிவார், அப்புறம் அதுக்கு மேல இன்னொண்ணு. ஒவ்வொரு நகலுக்கும் சத்தம் மங்கும், இரைச்சல் ஏறும். அதனால முக்கியமில்லாத பகுதிகளை முதல்ல வாசிச்சுட்டு, பளிச்சுனு கேட்க வேண்டியதைக் கடைசியில வாசிப்பாராம். நடுவுல ஒரு இடத்துல விரல் வழுக்கினா முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். நாமெல்லாம் ஒரு மணி நேரத்துல முப்பது தடவை 'அன்டு' அழுத்துற ஆளுங்க. கும்பிடத்தான் தோணுது.

அப்புறம் டேப் ரெக்கார்டர் வந்தது. ஜெர்மன்காரங்க 1930-கள்லயே செஞ்சு வெச்சிருந்ததை, போர் முடிஞ்சதும் ஜாக் முல்லின்ங்கிற ராணுவப் பொறியாளர் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார். பாடகர் பிங் க்ராஸ்பி பணம் போட, ஆம்பெக்ஸ் கம்பெனி தயாரிக்க ஆரம்பிச்சது. க்ராஸ்பி ஒரு மெஷினை லெஸ் பாலுக்கும் கொடுத்தார். மனுஷன் சும்மா இருப்பாரா? கூடுதலா ஒரு ஹெட்டைப் பொருத்தி, அதே டேப்புல பழசையும் புதுசையும் கலந்து பதிய ஆரம்பிச்சுட்டார். மனைவி மேரி ஃபோர்டோட அவர் செஞ்ச 'ஹவ் ஹை தி மூன்' 1951-ல் அமெரிக்காவுல ஒன்பது வாரம் முதலிடத்துல இருந்தது. ஆனா இந்த முறையில புதுசு ஏற ஏற பழசு அழியும். கடைசி வாசிப்புல சொதப்பினா மொத்தமும் போச்சு.

சரி, டேப்பை அகலமாக்கி, பக்கத்துப் பக்கத்துல தனித்தனி தடமாப் பதிஞ்சா? இங்கதான் நம்ம லேட்டன்சி தாத்தா வர்றார்.

டேப் ரெக்கார்டர்ல பதியற ஹெட் முதல்ல, படிக்கிற ஹெட் கொஞ்சம் தள்ளி. விநாடிக்கு 15 அங்குலம் ஓடுற டேப்புல ரெண்டுக்கும் நடுவுல ரெண்டு அங்குலம்னு வெச்சுக்குங்க. படிக்கிற ஹெட்ல இருந்து பழைய தடத்தைக் கேட்டுக்கிட்டு நீங்க கச்சிதமா தாளத்தோட வாசிச்சாலும், உங்க வாசிப்பு டேப்புல ரெண்டு அங்குலம் பின்னாடி போய் உட்காரும். அதாவது 133 மில்லிசெகண்ட் தாமதம். தாளம் தெரிஞ்ச யாருக்கும் இது நரகம்.

ஆம்பெக்ஸ்ல ராஸ் ஸ்னைடர் தலைமையில கண்டுபிடிச்ச தீர்வுக்குப் பேர் 'செல்-சிங்க்'. படிக்கிற ஹெட்டை விட்டுடு, பதியற ஹெட்டையே படிக்கவும் வை! ஒவ்வொரு தடத்துக்கும் தனித்தனி ஹெட் ஒரே வரிசையில இருக்கிறதால, மூணாவது தடம் பதியும்போது முதல் ரெண்டு தடமும் அதே இடத்துல இருந்து கேட்கும். இடைவெளியே கிடையாது. சத்தம் சுமாராத்தான் இருக்கும், ஆனா கூட வாசிக்கிறவனுக்கு அது போதும். இறுதிக் கலவைக்கு நல்ல ஹெட் இருக்கவே இருக்கு. இவ்வளவு எளிமையான ஒரு யோசனை. கோட் ரிவ்யூவுல இப்படி ஒண்ணைப் பார்த்தா நான் எழுந்து நின்னு கை தட்டுவேன்.

இந்த முறையில செஞ்ச முதல் எட்டுத் தட மெஷின் 1957-ல் யாருக்குப் போச்சு தெரியுமா? பெரிய ஸ்டுடியோ எதுக்கும் இல்லை. நியூ ஜெர்சியில லெஸ் பால் வீட்டுக்கு. விலை சுமார் 10,000 டாலர். அதாவது மல்டிடிராக் பிறந்ததே ஒரு வீட்டுலதான். அப்புறம்தான் ஸ்டுடியோக்கள் எடுத்துக்கிச்சு, அதுவும் மெதுவா. 1967-ல் வந்த பீட்டில்ஸோட 'சார்ஜென்ட் பெப்பர்' ஆல்பத்தைக்கூட லண்டன்ல நாலு தட மெஷின்கள்லதான் பதிஞ்சாங்க. நாலும் நிறைஞ்சா, எல்லாத்தையும் கலந்து இன்னொரு மெஷின்ல இறக்கிட்டு மேற்கொண்டு போவாங்க.

திரும்ப வீட்டுக்கு வர 1979 ஆச்சு. டாஸ்காம் கம்பெனியோட 'போர்ட்டாஸ்டுடியோ 144'. நம்ம வீட்டுல இளையராஜா பாட்டு கேட்ட அதே சாதா கேசட்தான். ரெண்டு பக்கமும் ஸ்டீரியோன்னா மொத்தம் நாலு தடம். அந்த நாலையும் ஒரே திசையில, ரெட்டை வேகத்துல ஓட்டினாங்க. புரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீன் 1982 ஜனவரியில வீட்டு அறையில உட்கார்ந்து, ரெண்டே மைக் வெச்சு இதுல சில பாட்டுகளைப் பதிஞ்சார். பேண்டுக்குக் காட்டுறதுக்கான மாதிரி, அவ்வளவுதான். டப்பாகூட இல்லாம அந்த கேசட்டை சட்டைப் பைல போட்டுக்கிட்டு சுத்தினார். பேண்டோட ஸ்டுடியோவுல வாசிச்சுப் பார்த்தா அந்த உயிர் வரலை. கடைசியில கேசட்டையே 'நெப்ராஸ்கா'ன்னு ஆல்பமா வெளியிட்டுட்டாங்க!

கம்ப்யூட்டர் ஏன் இவ்வளவு தாமதமா வந்துச்சுன்னா, கணக்கு அப்படி. சிடி தரத்துல ஒரு மோனோ தடத்துக்கு விநாடிக்கு 88,200 பைட். நிமிஷத்துக்கு 5 எம்பிக்கு மேல. எட்டுத் தடம், அஞ்சு நிமிஷப் பாட்டுன்னா 210 எம்பி. 1990 வாக்குல வீட்டு கம்ப்யூட்டரோட மொத்த ஹார்ட் டிஸ்கே அதுக்குக் காணாது. அதனால 80-கள்ல கம்ப்யூட்டர் மிடியோட நின்னுக்கிச்சு: சத்தத்தைப் பதியாம, எந்தக் கட்டையை எப்போ எவ்வளவு அழுத்தினான்ங்கிற குறிப்பை மட்டும். டிஜிடிசைன் கம்பெனியோட 'புரோ டூல்ஸ்' 1991-ல் வந்தப்போ நாலே நாலு தடம், சுமார் 6,000 டாலர், அதுவும் தனி சிப் அட்டையோட. காசில்லாதவங்களுக்கு 1992-ல் அலெசிஸ் கம்பெனியோட 'அடாட்' வந்துச்சு. வீடியோ கேசட்ல எட்டு டிஜிட்டல் தடம்.

நம்ம ஊர்லயும் இதே சமயத்துலதான் காத்து திசை மாறிச்சு. அதுவரைக்கும் கோடம்பாக்கத்துல ஒரு பாட்டுன்னா பெரிய கூடத்துல வாத்தியக்காரர்கள் எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து வாசிக்கிறதுதான் வழக்கம். ஏ.ஆர்.ரஹ்மான் 1989-ல் தன் வீட்டுப் பின்பக்கம் 'பஞ்சதன்'னு ஸ்டுடியோ கட்டினார். 1992-ல் 'ரோஜா'. தடம் தடமா அடுக்கிச் செய்யற முறை அதுக்கப்புறம் வேகம் பிடிச்சது. எனக்கு இதுல ரெண்டு மனசு. அந்த ஒலி இல்லாம நான் வளர்ந்திருக்கவே முடியாது. ஆனா ஒரே அறையில உட்கார்ந்து ஒருத்தர் மூச்சைப் பார்த்து இன்னொருத்தர் வில்லை இழுக்கிறது மெல்ல மெல்லப் போச்சு. எத்தனையோ வயலின்காரர்களுக்கு வேலையும் குறைஞ்சது. இதைச் சொல்லாம வரலாறு எழுதினா அது விளம்பரம்.

1996-ல் ஸ்டெயின்பெர்க் கம்பெனி 'க்யூபேஸ் விஎஸ்டி' கொண்டுவந்தது. தனி அட்டை தேவையில்லை, கம்ப்யூட்டரோட சொந்த பிராசஸரே போதும்னாங்க. அங்கதான் தாத்தா பேரனா அவதாரம் எடுத்தார். சவுண்ட் கார்டு ஒலியை ஒரு பஃபர் நிறையச் சேர்த்துத்தான் பிராசஸர்கிட்ட தரும். பஃபர் 1024 மாதிரின்னா 23 மில்லிசெகண்ட். உள்ளே ஒரு தடவை, வெளியே ஒரு தடவை, ஆக 46. காத்துல ஒலி போற வேகத்துல கணக்குப் போட்டா, பதினாறு மீட்டர் தள்ளி இருந்து உங்க குரலை நீங்களே கேட்கிறதுக்குச் சமம். போதாததுக்கு விண்டோஸ் எல்லா சத்தத்தையும் நடுவுல கலந்து இன்னும் தாமதப்படுத்தும். அந்த நடுவாளைத் தாண்டி கார்டோட நேரா பேச 1997-ல் அவங்களே கொண்டுவந்த வழிதான் 'ஆசியோ'. பஃபரை 128-க்கு இறக்கினா போக வர 6 மில்லிசெகண்ட், ரெண்டு மீட்டர். ஒரே மேடையில நிக்கிற தூரம்தான்.

பதிஞ்ச தடம் இடம் மாறி உட்கார்றதை இன்னைக்கு மென்பொருளே கவனிச்சுக்குது. தாமதம் எவ்வளவுன்னு தெரிஞ்சுக்கிட்டு அவ்வளவு முன்னாடி நகர்த்தி வெச்சிடும். செல்-சிங்க் செஞ்ச அதே வேலை, வெறும் ஒரு கழித்தல் கணக்குல. லினக்ஸ் பிரியர்களுக்கு ஒரு உபரித் தகவல்: 'ரியல் டைம்' மாற்றங்கள் பல வருஷம் வெளியில தனி பேட்ச்சா கிடந்துட்டு, 2024-ல் வந்த 6.12 கெர்னல்லதான் முழுசா உள்ளே வந்தது.

எங்க வீட்டு ஏற்பாடு ரொம்பச் சாதாரணம். பழைய லேப்டாப், ரெண்டு மைக் சொருகற யுஎஸ்பி பெட்டி ஒண்ணு, மைக்குக்குப் பின்னாடி கதவுல தொங்குற போர்வை. என் அறைத்தோழன் மிருதங்கம் வாசிப்பான், நான் கிடார். அவனுக்கு நைட் ஷிஃப்ட், எனக்குப் பகல்ல ஆணி. ரெண்டு பேரும் முழிச்சிருக்கிற நேரம் ஒத்து வந்ததே கிடையாது. அதனால நான் ராத்திரி வாசிச்சு வெச்சுட்டுத் தூங்கிடுவேன். காலையில நான் கிளம்பினப்புறம் அவன் அது மேல வாசிப்பான். சாயங்காலம் வந்து கேட்டா, என் மூணாவது தாளத்துல நான் இழுத்த இழுப்புக்கு அவன் கும்கி கொடுத்து நிறுத்தி இருப்பான். இப்படியே நாலு பாட்டு ஆச்சு.

அடுத்த மாசம் அவன் புனேவுக்கு மாற்றலாகிப் போறான். ஆன்லைன்ல சேர்ந்து வாசிக்கலாமேன்னு கேட்கிறான். பஃபரைக் குறைக்கலாம், சென்னைக்கும் புனேவுக்கும் நடுவுல இருக்கிற கேபிளையும் ரவுட்டரையும் குறைக்க முடியாதுன்னு சொல்லிட்டேன். யுஎஸ்பி பெட்டியை அவன் எடுத்துக்கிட்டுப் போகட்டும், நான் வேற ஒண்ணு வாங்கிக்கறேன். அஞ்சாவது பாட்டுக்கு கிடார் தடம் ரெடி. ஃபைல் 22 எம்பிதான், மெயில்லயே போயிடும்.