ஏரிக்கு எல்லைக்கல் எது?

66 அடி நீளம்; 100 கண்ணிகள்; இரு முனையிலும் ஒரு பிடி. நில அளவைச் சங்கிலி என்பது இவ்வளவுதான். மாட்டைக் கட்டும் சங்கிலியைவிட மெல்லியது. ஆனால், தோழர்களே, அந்த மெல்லிய சங்கிலி கட்டிப்போட்ட நாடுகள்தாம் எத்தனை! பீரங்கி வென்ற மண்ணைப் பேரேட்டில் ஏற்றியது அது. பீரங்கியின் முழக்கம் ஒரு நாளில் அடங்கிற்று. சங்கிலி போட்ட கோடோ, போட்டவன் கப்பலேறிப் போன பின்னும் அழியவில்லை. தாலுக்கா கச்சேரியின் அலமாரியில் அமர்ந்துகொண்டு, இது உன்னுடையது, இது உன்னுடையதன்று என்று நமக்குத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

அந்தக் கோடு நிலத்தில் என்ன செய்தது என்பதைப் பலர் எழுதியுள்ளனர். நீரில் என்ன செய்தது? அதைக் காணப் பழவேற்காட்டுக்குப் போகவேண்டும்.

சென்னைக்கு வடக்கே, பொன்னேரியைக் கடந்து சென்றால், கடலும் ஏரியும் கைகோத்து நிற்கும் இடம் பழவேற்காடு. உப்புநீர் ஏரி அது. ஆறுகள் கொண்டுவரும் நன்னீரும், முகத்துவாரத்தின் வழியே நுழையும் கடல்நீரும் அதிலே கலக்கின்றன; அந்தக் கலப்பிலேதான் இறாலும் மடவையும் நண்டும் வளர்கின்றன. முகத்துவாரம் நின்ற இடத்தில் நிற்பதில்லை. சில காலம் வடக்கே நகரும், சில காலம் தெற்கே நகரும், சில காலம் மணல் மூடி அடைபட்டே போகும். நீர்ப்பரப்பும் மழைக்காலத்தில் ஓர் அளவு, கோடையில் வேறோர் அளவு. இப்படிப்பட்ட ஏரியிலே கல் நடுவது எங்கே? சங்கிலி இழுப்பது எப்படி?

முயற்சிக்குக் குறைவில்லை. 1763-ல் ஆர்க்காட்டு நவாபு முகமது அலி கும்பெனிக்கு ஒரு சாகீர் அளித்தார். அதன் வடகோடி பழவேற்காடு, தென்கோடி ஆலம்பரை. கையில் கிடைத்ததைக் கணக்கெடுக்கத் தாமசு பர்னார்டு என்பார் 1767 முதல் 1774 வரை ஊர் ஊராக அளந்தார். வீடுகளை எண்ணினர், குளங்களை எண்ணினர், விளைச்சலில் யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதையும் எழுதினர். 1802-ல், பரங்கிமலையின் அருகே ஏறத்தாழ ஏழரை மைல் நீளத்துக்கு அடிக்கோடு ஒன்றை அளந்து, அதிலிருந்து இந்தியா முழுவதையும் முக்கோணங்களாகக் கூறுபோடும் வேலையைத் தொடங்கினார் வில்லியம் லாம்ப்டன். அளக்கும் கலைக்கே தாய்வீடாக விளங்கிய மாவட்டம் செங்கற்பட்டு!

பழவேற்காட்டு ஊர் மட்டும் நெடுங்காலம் டச்சுக்காரர் கையிலே இருந்தது. 1613-ல் கெல்டிரியாக் கோட்டையைக் கட்டியவர்கள், இடையிடையே ஆங்கிலேயரிடம் இழந்தும் மீட்டும், 1825-ல் ஒரேயடியாகக் கொடுத்துவிட்டுப் போயினர். அவர்கள் கல்லறைகள் இன்றும் அங்கே தொல்லியல் துறையின் காப்பில் உள்ளன. பெயரும் நாளும் குலமுத்திரையும் செதுக்கிய கற்கள்! இறந்துபோன டச்சு வணிகனுக்கு ஆறடி மண்ணும் அடையாளக் கல்லும் உண்டு. தலைமுறை தலைமுறையாக அதே ஊரில் வலை வீசுகிறவனின் தொழிலிடத்துக்கு ஒரு கல் இல்லை.

ஏன் இல்லை? மன்றோவின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் இரயத்துவாரி முறையை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு புலத்துக்கும் ஓர் எண். ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு தீர்வை. தீர்வை கட்டுகிறவனுக்கு ஒரு பட்டா. தீர்வை விதிக்க முடியாதது எதுவோ அது புறம்போக்கு. வண்டிப்பாதை, சுடுகாடு, மேய்ச்சல் வெளி, ஏரி, ஓடை — எல்லாம் அந்த ஒரு சொல்லில் அடக்கம். ஊர் முழுவதும் உயிர் வாழ்வது எதனாலோ அதற்குத்தான் சர்க்காரின் அகராதியில் 'வெளியே போனது' என்று பெயர்! 1905-ஆம் ஆண்டின் சென்னை நில ஆக்கிரமிப்புச் சட்டம் இதற்கு முத்திரை குத்திற்று. கடலின் அடித்தளம், கழி, ஆறு, ஏரி, நிற்கும் நீர், ஓடும் நீர் — தனியார் சொத்தென்று காட்டப்படாத அனைத்தும் சர்க்காரின் சொத்து என்றது. சட்டத்தின் வாலில் மட்டும் ஒரு சொல் ஒட்டிக்கொண்டிருந்தது: சட்டப்படி நிலைத்துள்ள வழக்குரிமைகளுக்கு உட்பட்டு என்று. அந்த வாலைப் பிடித்து மேலேற வேண்டுமானால் வழக்குமன்றம் போகவேண்டும், ஆவணம் காட்டவேண்டும். 1923-ஆம் ஆண்டின் நில அளவை, எல்லைகள் சட்டமோ, அளவை முடிந்ததென அறிவித்து மூன்றாண்டுக்குள் வழக்கிடாவிட்டால் போட்ட கோடே முடிந்த முடிவு என்றது. எழுத்தறியாக் குப்பத்தில் எந்த மூன்றாண்டு, எந்த அறிவிப்பு!

கோடு இல்லாததால் ஏரியில் ஒழுங்கும் இல்லை என்று கச்சேரிக்காரர் நினைத்திருக்கலாம். உண்மை வேறு. ஏரிக்குப் 'பாடு' என்றோர் ஆட்சி உண்டு. முகத்துவாரத்தை ஒட்டி, இறால் மிகுதியாக வரும் நீர்வழிகளில், இன்ன இன்ன இடம் இன்ன பாடு என்று பகுத்து வைத்திருக்கின்றனர். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் பட்டணவர் கூடி, தலைக்கட்டுக் கணக்கெடுத்து, சீட்டுக் குலுக்கி, யார் எந்தப் பாட்டில் என்று வலை கட்டுவது என்று முறை வைக்கின்றனர். இன்று நல்ல இடம் கிடைத்தவனுக்கு நாளை வேறிடம். வலிமையுள்ளவன் வளமான இடத்தை வளைத்துப்போட முடியாது. முறை மீறினால் ஊர்ப் பஞ்சாயத்து தண்டம் விதிக்கும். முகத்துவாரம் நகர்ந்தால் பாடும் நகரும்! நகராத கல்லைவிட, நீரோடு நகரும் இந்த எல்லை அறிவுடையது என்பேன். இதற்கு ஆண்டவன் அருளும் தேவையில்லை, சோதிடன் நாளும் தேவையில்லை. கணக்கும் சீட்டும் போதும்.

வழக்கு என்றாலே கச்சேரிக்குக் கண் தெரியாது என்று எண்ணிவிடாதீர்கள். நன்றாகவே தெரியும். அதே செங்கற்பட்டு மாவட்டத்தில் மிராசு என்றொரு வழக்கு இருந்தது. ஊரின் தரிசும் புறம்போக்கும் மிராசுதார் பார்வைக்கு உட்பட்டது. புதிதாக ஒருவன் தரிசு நிலம் கேட்டால் மிராசுதாருக்கே முதல் உரிமை என்ற வழக்கம். இதைச் சர்க்கார் கேட்டது, எழுதிக்கொண்டது, காத்தது! விளைவு? வழிவழியாக உழுதும் தனக்கென ஒரு காணி இல்லாதவராகத் தாழ்த்தப்பட்ட மக்கள் நின்றனர். 1891-ல் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் திரமென்ஈர் எழுதிய அறிக்கை இதை வெட்டவெளிச்சமாக்கிற்று. அதன் பின்னரே, 1892-ல், அம்மக்களுக்கென நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. நாம் இன்று பஞ்சமி நிலம் என்பது அதைத்தான். உயர்ந்தோன் வழக்கு ஏட்டில் ஏறிற்று. உழைப்போன் வழக்கு ஏரியிலேயே மிதந்தது.

ஏரியிலும் காசு தரும் பொருளுக்குக் கோடு போடத் தயங்கவில்லை. முதலில் உப்பு. 1805-ல் சென்னை மாகாணத்தில் உப்பு சர்க்காரின் தனியுரிமையாயிற்று. 1889-ஆம் ஆண்டின் உப்புச் சட்டத்துக்குப் பின், வெயிலில் தானாகப் பூத்த உப்பை அள்ளுவதும் குற்றம். மீனைக் கருவாடாக்க உப்பு வேண்டுமே? சர்க்கார் அமைத்த மீன் பதனிடும் களத்துக்குச் சென்று, சிப்பந்தி எதிரில் நின்று வாங்கவேண்டும்.

அடுத்தது கிளிஞ்சல். ஏரியின் அடியில் படிந்து கிடக்கும் சிப்பி ஓடுகளைத் தோண்டியெடுத்து, சூளையிலிட்டுச் சுட்டால் சுண்ணாம்பு. சென்னைக் கட்டடங்களின் பளிங்கு போன்ற சுண்ணச்சாந்துக்கு இக்கரையோரக் கிளிஞ்சல்தான் மூலப்பொருள். விறகும் உப்பும் போலக் கிளிஞ்சலும் பக்கிங்காம் கால்வாயில் படகேறிச் சென்றது. விடுதலைக்குப் பின் வந்த கனிமச் சட்டத்தில், கட்டடச் சுண்ணாம்புக்கு எடுக்கும் கிளிஞ்சல் சிறுகனிமம். குத்தகை கேட்பவன் புல எண்ணும் வரைபடமும் இணைத்து விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. பார்த்தீர்களா வேடிக்கையை! அதே ஏரி, அதே அடித்தளம். தோண்டுகிறவன் கேட்டால் அதற்கு எண் உண்டு, எல்லை உண்டு, வரைபடம் உண்டு. வலை கட்டுகிறவன் கேட்டால், ஐயா, நீரிலே எல்லை ஏது என்பது விடை.

இது எங்கும் உள்ள இயல்புதானே என்பீரேல், இல்லை. அமெரிக்காவைப் பாருங்கள். 1848-ல் கலிபோர்னியாவில் தங்கம் கண்டு ஓடிவந்தவர்கள் கையில் பட்டா இல்லை. தாங்களே கூடி, ஒருவனுக்கு இத்தனை அடி, முளை அடிக்க வேண்டியது இப்படி, வேலை செய்யாமல் விட்டால் உரிமை போகும் என்று விதி வகுத்தனர். குப்பத்துப் பாட்டுக்கும் அதற்கும் பெரிய வேறுபாடில்லை. 1866-லும் 1872-லும் வந்த சட்டங்கள் அந்தச் சுரங்கத்தார் வழக்கை மதித்து ஏற்றன. 1872 சட்டப்படி, கனிமக்கோட்டின் மீது 1,500 அடி நீளம், 600 அடி அகலம் வரை ஒருவன் உரிமை கோரலாம். அரசின் நில அலுவலகம் அளவையாளரைக் கொண்டு எல்லை அளந்து பட்டயம் தந்தது. அடித்த முளை அரசாங்க ஏட்டில் ஏறிற்று!

கைதட்டுவதற்கு முன் மறுபக்கத்தையும் புரட்டுங்கள். அந்த முளைகள் அடிக்கப்பட்டது செவ்விந்தியர் மண்ணில். அவர்களை எந்த அளவையாளனும் கேட்கவில்லை. 1850-ல் அயல்நாட்டுச் சுரங்கத்தார் மீது மாதம் 20 டாலர் வரி போட்டனர். சீனரைப் பல முகாம்கள் விரட்டின. 1872 சட்டமோ குடிமகனுக்கும், குடிமகனாக விருப்பம் அறிவித்தவனுக்கும் மட்டுமே. சீனன் குடிமகனாகவே முடியாது. தோல் பார்த்து அடித்த முளையைத்தான் சட்டம் தங்கமென்று தாங்கிற்று.

அமெரிக்கா தொலைவு. இலங்கை அருகில். நீர்கொழும்புக் கழியில் வலை கட்டும் மீனவரிடமும் சீட்டுக் குலுக்கி இடம் பகிரும் முறை உண்டு. அவர்களும் அதைப் பாடு என்றே அழைக்கின்றனர். 1958-ல் இலங்கை அரசு அந்த முறையை விதிகளாக்கி அரசிதழில் வெளியிட்டது. நீரிலே எல்லை வகுக்க முடியும், ஏட்டிலே ஏற்ற முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆயினும் அங்கும் உரிமை மீனவர் சங்கத்தாருக்கே. சங்கத்தில் இடம் தந்தைவழியில். வழக்கு சட்டமானபோது, வழக்கிலிருந்த பிறப்புரிமையும் சட்டமாயிற்று.

இங்கேதான் நம் தோழர்கள் சிலரோடு எனக்குக் கருத்து வேறுபாடு. பாடு முறையை அப்படியே அரசு ஏற்கவேண்டும், மரபு மாண்புடையது என்கின்றனர். மாண்பு உண்டு, மறுக்கவில்லை. மேலே நானே புகழ்ந்தேன். ஆனால் அந்தச் சீட்டுக் குடத்துக்குள் யார் பெயர் போகிறது? பட்டணவர் பெயர் போகிறது. ஏரிக்கரையில் வாழும் ஆதிதிராவிட மீனவன் பெயர் போகிறதா? இருளர் பெயர் போகிறதா? இல்லை. நல்ல நீர்வழிகள் பாட்டுக்குரியவை. மிச்சம் கிடக்கும் ஆழமற்ற ஓரங்களே மற்றவர்க்கு. இறாலுக்கு ஏற்றுமதி விலை ஏறிய பின் இந்த மிச்சம் மீதியும் பூசலாயிற்று. பெண்ணின் பெயரோ எச்சாதியிலும் போவதில்லை. தலைக்கட்டு என்பது ஆண்மகன் கணக்கு. மீனைச் சுமந்து சந்தையில் விற்றுக் குடும்பம் காப்பவள் அவள். குடத்தில் சீட்டு அவளுக்கில்லை. மிராசு நிலத்தில் செய்ததைப் பாடு நீரில் செய்கிறது என்றால் பட்டணவத் தோழர்க்குக் கோபம் வரும். மிராசுதாரனைப் போல அவர் மாடியில் அமர்ந்து உண்பவரல்லர், அலையில் உழல்பவர், ஏழை. அந்த வேறுபாட்டை அறிந்தேதான் சொல்கிறேன். ஏழை போட்ட வேலியானாலும் சாதிவேலி வேலிதான்.

கோடுகள் அதற்குப் பின்னும் ஓயவில்லை. 1953-ல் ஆந்திரம் பிரிந்தது. படாசுகர் தீர்ப்பின்படி எல்லை திருத்தி, 1960 ஏப்ரல் முதல் நாள் சிற்றூர்கள் கைமாறின. திருத்தணி வந்தது, பொன்னேரி வட்டத்துச் சில ஊர்கள் போயின. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்பகுதி தமிழகத்திலும் நின்றன. மீனுக்கு அந்த எல்லை தெரியாது. மீன் பின்னே போன படகுக்குத் தெரிய வேண்டியதாயிற்று. எல்லை தாண்டியதாகப் படகுகளைப் பிடிப்பதும் பேசி மீட்பதும் இரு கரையிலும் பழகிப்போன கதை. 1980-ல் ஏரியின் தமிழகப் பகுதி, 153.67 சதுர கிலோமீட்டர், பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. கர்ணம் பதவி ஒழிந்ததும் அதே ஆண்டுதான். கர்ணம் போனார்; அவர் எழுதிய புறம்போக்குப் போகவில்லை.

காப்பிடம் என்றால், அதனுள்ளே யார் யாருக்கு என்ன உரிமை என்று ஆட்சியர் விசாரித்துப் பதியவேண்டும் என்கிறது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், நீர்நிலையில் மீன் பிடிக்கும் கூட்டுரிமையையும் உரிமை என்றது. 2011-ன் கடற்கரை அறிவிக்கை, மீனவர் ஊர்களையும் அவர்தம் பொது இடங்களையும் வரைபடத்தில் குறிக்கச் சொன்னது. தமிழகக் கடற்கரையில் மீனவரே தங்கள் ஊரை வரைந்து கொடுத்த முயற்சிகளும் நடந்தன. ஆக, இரு நூற்றாண்டு கழித்துக் கச்சேரியின் பேனா ஏரிப் பக்கம் திரும்பியிருக்கிறது. ஊர்ப் பஞ்சாயத்து நீட்டும் பட்டியல் அதற்கு எளிதாகக் கிடைக்கும். அதை அப்படியே படியெடுத்துக் கொள்வதும் எளிது.

அந்தப் பட்டியலில் இல்லாத ஒருத்தியைப் பற்றியும் சொல்லவேண்டும். ஓலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, இடுப்பளவு நீரில் குனிந்து, இரு கைகளாலும் சேற்றைத் தடவி இறால் எடுக்கும் இருளர் பெண் அவள். வலை இல்லை, படகு இல்லை, பாடு இல்லை, பட்டா இல்லை. எந்தச் சேற்றில் எந்த மாதம் இறால் ஒதுங்கும் என்று அவள் கைக்குத் தெரியும். விசாரணைக்கு வரும் அலுவலர் படகுத்துறையில் மேசை போட்டு அமர்வார். அவள் நிற்கும் சேறு அங்கிருந்து கண்ணுக்குத் தெரியாது.