முயலகனும் மனச்சுமையும்

தில்லைக் கூத்தனின் திருவடியின்கீழ் அழுந்திக் கிடக்கும் குறுவடிவை நாம் முயலகன் என்கிறோம். வடமொழியாளர் அபஸ்மாரம் என்பர். இரண்டும் வலிப்பு நோய்க்கும் பெயர்களாயின. கொல்லிமழவனின் மகளை இந்நோய் பற்றியபோது, வேறு வழி காணாத தந்தை அவளைத் திருப்பாச்சிலாச்சிராமத்து இறைவன் திருமுன் கிடத்தினான் என்றும், சம்பந்தர் அருளால் அவள் நலமுற்றாள் என்றும் சேக்கிழார் பாடுகிறார். நோயுற்றவள் ஒருத்தி, கலங்கியதோ குடும்பம் முழுவதும்.

மூளை நரம்பணுக்களில் எழும் மிகையான மின்கிளர்ச்சியே வலிப்பு. 1912-இல் பீனோபார்பிட்டால் மருந்து பயனுக்கு வந்தது. 1929-இல் ஜெர்மானிய அறிஞர் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைப் பதிவுகளை வெளியிட்டார். உடலின் துடிப்பு அடங்கலாயிற்று. உள்ளத்தின் துயரமோ கவனிப்பாரற்றுக் கிடந்தது.

அடுத்த வலிப்பு எங்கே, எவர் முன்னிலையில் வருமோ என்ற அச்சம் ஒன்று. ஊரார் அறிவரோ என்ற நாணம் மற்றொன்று. இவற்றோடு மூளையின் மாறுதல்களும் சில மருந்துகளும் மனச்சோர்வை விளைவிக்கக்கூடும். ஆதலின் இதனை மனவலிமைக் குறைவென்று இகழ்தல் தகாது.

சட்டமும் அவ்வச்சத்தை வளர்த்தது. 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தால், இந்துத் திருமணச் சட்டத்தில் மீண்டும் மீண்டும் வரும் வலிப்பு பித்தோடு ஒருங்கே வைத்து எண்ணப்பட்டது. அக்காரணத்தால் திருமணத்தைச் செல்லாததாக்கவும் இயன்றது. நோயை மறைத்து மணந்தவர் நாள்தோறும் நடுங்கினர். 1999-இல்தான் 'வலிப்பு' என்னும் சொல் அச்சட்டத்தினின்று நீக்கப்பட்டது.

சொல் நீங்கியது; மறைக்கும் வழக்கம் நீங்கவில்லை. அதனை உடைக்கப் புனே நகரில் 2004-இல் 'சம்வேதனா' என்னும் குழு தோன்றியது. வலிப்புற்றோரும் குடும்பத்தாரும் கூடி மனம்விட்டுப் பேசவும், உண்மையை முன்பே சொல்லி மணம் பேசவும் அது வழி செய்தது. மருந்து தொடாத இடத்தை இத்தகைய பேச்சுத் தொடுகிறது.

உற்றாரைப் பிரிந்து அயல்மாநிலத்தில் வாழும் நமக்கு நோயை மறைப்பது எளிது. தனியே சுமப்பதுதான் அரிது. மருத்துவரிடம் வலிப்பின் எண்ணிக்கையை மட்டும் கூறி மீளாமல், உறக்கமின்மையையும் அச்சத்தையும் வாழ்வில் தோன்றும் வெறுப்பையும் கூறுவோமாக. அவற்றுக்கும் மருத்துவம் உண்டு. மருந்தை மட்டும் நாமே நிறுத்தலாகாது. முயலகனை மிதித்த திருவடிக்கு மேலே, அஞ்சேல் என்று காட்டும் கையும் உண்டன்றோ!