குனிந்து போகும் கதவு

லண்டனின் மைதா வேல் பகுதியில், ஃபார்மோசா தெருவில், 'பிரின்ஸ் ஆல்ஃப்ரட்' என்றொரு பப் இருக்கிறது. விக்டோரியா அரசியின் இரண்டாவது மகனின் பெயர் அது. அந்தத் தெருக்களில் குடியிருப்பவர்கள் சாயங்காலம் நடந்து வந்து, உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிற இடம். பப் என்றதும் நம் டாஸ்மாக் கடையை நினைத்துக்கொண்டால் நான் சொல்லப்போவது பிடிபடாது. 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம் அது. பொது வீடு. அந்தப் பொதுவில் யாரெல்லாம் சேர்த்தி என்று மரத்திலும் கண்ணாடியிலும் எழுதிவைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் போனேன்.

ஊர் திரும்பி வகுப்பில் இந்தக் கட்டடத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது மாணவி ஒருத்தி கேட்ட முதல் கேள்வி, "மேடம், அங்கே நீங்க குடிச்சீங்களா?" என்பதுதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

லண்டனில் இருபது வருடமாக இருக்கும் என் கல்லூரித் தோழிதான் கூட்டிப்போனாள். வெளியிலிருந்து பார்க்கும்போதே வளைந்த சன்னல் கண்ணாடிகளில் கொடியும் பூவுமாகச் செதுக்கு வேலை. அழகுக்காக மட்டும் செய்ததில்லை அது. வெளிச்சம் உள்ளே வரும், தெருவில் போகிறவர் பார்வை வராது. உள்ளே நடுவில் பெரிய கவுண்டர், அதன் நடுவே கோயில் தேர் போல அடுக்கடுக்காக எழும்பும் மர வேலைப்பாடு. கவுண்டரைச் சுற்றியிருக்கும் இடத்தை மரத்தாலும் கண்ணாடியாலும் ஆன தடுப்புகள் ஐந்து சிறு அறைகளாகப் பிரிக்கின்றன. முதலில் ஒவ்வொரு அறைக்கும் தெருவிலிருந்து தனி வாசல். 1890களின் இறுதியில், லண்டனில் பப் வியாபாரம் கொழித்த காலத்தில் செய்த அலங்காரம் இது. அப்போது இப்படித் தடுப்பு வைத்த பப்புகள் லண்டன் முழுக்க இருந்தன. பிற்பாடு பெரும்பாலானவற்றில் பிடுங்கி எறிந்துவிட்டார்கள். இங்கே தப்பிவிட்டது.

ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போகத் தடுப்பின் அடியில் ஒரு குட்டிக் கதவு. நன்றாகக் குனிந்தால்தான் நுழைய முடியும். நான் தயங்கி நின்றேன். "ஏய், குனிடி. நம்ம ஊரு கர்ப்பக்கிரகம்னா குனிய மாட்டியா?" என்று தோழி முதுகில் ஒரு தட்டு தட்டினாள். நம்மைத்தான் கர்ப்பக்கிரகத்துக்குள் விடுவதில்லையே என்று சொல்லிக்கொண்டே குனிந்தேன். வாடிக்கையாளருக்காகச் செய்த கதவே அல்ல அது. பெருக்கித் துடைப்பவர்களும் கோப்பை பொறுக்குபவர்களும் போய்வர வைத்தது.

தடுப்புகள் முதலில் வர்க்கத்துக்கானவை. கூலிக்காரர் நிற்கும் இடம் 'பப்ளிக் பார்'. கொஞ்சம் வசதியானவர்களுக்கு 'பிரைவேட் பார்', 'சலூன்'. பீப்பாய் ஒன்றுதான், சாராயம் ஒன்றுதான். உட்காரும் இடத்துக்குத் தகுந்தாற்போல விலை. 1930களின் இறுதியில் 'மாஸ் அப்சர்வேஷன்' அமைப்பினர் போல்ட்டன் நகரத்து பப்புகளில் நாள்கணக்காக உட்கார்ந்து குறிப்பெடுத்து, 1943இல் புத்தகமாக வெளியிட்டார்கள். 'வால்ட்', 'டாப் ரூம்' என்ற இரண்டும் ஆண்களுக்கு மட்டும். பெண்கள் வரக்கூடிய 'லவுஞ்சு'க்குப் போனால் அதே பீருக்கு ஒரு பென்னி அதிகம். ஒரு பெண்ணோடு உட்கார்ந்து குடிப்பதற்கான விலை ஒரு பென்னி என்று நான் குறித்து வைத்துக்கொண்டேன்.

பிரின்ஸ் ஆல்ஃப்ரடில் ஓர் அறையின் கவுண்டருக்கு மேல், முக உயரத்தில், வரிசையாகச் சின்னச் சின்னக் கண்ணாடிப் பலகைகள். ஒவ்வொன்றும் அச்சில் சுழலும். அதற்கு 'ஸ்நாப் ஸ்கிரீன்' என்று பெயர். வேண்டியதைக் கேட்கத் திறக்கலாம், வாங்கியதும் மூடிக்கொள்ளலாம். குடிக்கிறவர் முகம் ஊற்றிக்கொடுப்பவருக்குத் தெரியாது. நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முகத்தை மறைத்துக்கொள்ள வேண்டியவர் யார்? தன் வேலையாட்கள் கண்ணில் படக்கூடாத கனவான் ஒருவர். இருப்பது தெரியக்கூடாத பெண் இன்னொருவர். இரண்டு மறைவும் ஒன்றல்ல. அவர் தன் மரியாதையைக் கொண்டுவந்து உள்ளே வைத்துக்கொள்கிறார்; அவள் வாசலைத் தாண்டும்போதே அதைப் பணயம் வைத்துவிடுகிறாள்.

விக்டோரியா காலத்துப் பெண்கள் பப்புக்கே போகவில்லை என்று நினைக்க வேண்டாம். உழைக்கும் வர்க்கப் பெண்கள் போனார்கள். சலவையும் தையலும் முடித்துப் பக்கத்து வீட்டுக்காரியோடு போய் உட்கார்ந்தார்கள். போகக்கூடாதவர்கள் மத்தியதர வர்க்கத்துப் பெண்கள். உள்ளே உட்கார விரும்பாதவர்களுக்கும் வழியில்லாதவர்களுக்கும் 'ஜக் அண்ட் பாட்டில்' என்றொரு மூலை. குடத்தையோ புட்டியையோ நீட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். அப்பாவுக்கு பீர் வாங்கப் பிள்ளைகளை அனுப்புவது சாதாரணமாக நடந்தது. 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளிடம் மூடி முத்திரையிட்ட கலத்தில்தான் கொடுக்க வேண்டும் என்று 1901இல் ஒரு சட்டம். வழியில் ஒரு வாய் குடித்துவிடுமே. 1908இல் இன்னொரு சட்டம், அந்த வயதுப் பிள்ளைகள் பாருக்குள்ளேயே இருக்கக்கூடாது என்றது. நல்ல சட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் கைக்குழந்தைக்காரி அதன்பின் எங்கே உட்காருவாள்? பிள்ளையை வாசலில் விட வேண்டும், அல்லது அவளும் வாசலிலேயே நிற்க வேண்டும். அப்பாக்களுக்கு அந்தச் சிக்கல் வந்ததாகத் தெரியவில்லை.

இதுவரை சொன்னது கவுண்டருக்கு இந்தப் பக்கம். அந்தப் பக்கத்தில் நின்றவளும் பெண்தான். காலையிலிருந்து நள்ளிரவு நெருங்கும் வரை நின்றுகொண்டே வேலை, பெரும்பாலும் அங்கேயே தங்கல், முதலாளி போட்டதே சாப்பாடு. அவளைக் 'காப்பாற்ற' 1908இல் ஒரு மசோதா வந்தது. பாரில் பெண்களை வேலைக்கு வைக்கக்கூடாது என்று நிபந்தனை போட உரிமம் வழங்கும் நீதிபதிகளுக்கு அதிகாரம் தரும் பிரிவு அதில் இருந்தது. மதுவிலக்குப் பெண்கள் அமைப்புகள் இதை ஆதரித்தன. அவர்கள் நோக்கத்தைச் சந்தேகிக்க எனக்கு மனம் வரவில்லை. குடிகாரக் கணவன்களின் வீட்டைப் பார்த்தவர்கள் அவர்கள். எதிர்த்து நின்றவர்களும் பெண்கள்தான். ஈவா கோர்-பூத் என்ற கவிஞர், பெண் வாக்குரிமைக்காகவும் ஆலைப் பெண்களின் சங்கங்களுக்காகவும் மான்செஸ்டரில் உழைத்தவர், தன் துணைவி எஸ்தர் ரோப்பரோடு சேர்ந்து பார் பெண்களுக்காக ஓர் அமைப்பை உண்டாக்கினார். அந்த ஆண்டு ஏப்ரலில் வடமேற்கு மான்செஸ்டரில் இடைத்தேர்தல். ஆளும் லிபரல் கட்சி வேட்பாளர் வின்ஸ்டன் சர்ச்சில். ஈவாவின் அக்கா கான்ஸ்டன்ஸ் மார்க்கீவிச், நான்கு வெள்ளைக் குதிரைகள் பூட்டிய வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு அந்த நகரத் தெருக்களில் வந்தார். சர்ச்சில் தோற்றார். தோல்விக்கு வேறு காரணங்களும் இருந்தன. சாராய ஆலை முதலாளிகளும் அவர் கட்சியின் மசோதாவை வெறுத்தார்கள். பெண்ணியவாதிகளும் ஆலை முதலாளிகளும் ஒரே பக்கம் நின்ற அந்தச் சங்கடத்தை நான் மறைக்க விரும்பவில்லை. மசோதா அந்த ஆண்டின் இறுதியில் பிரபுக்கள் அவையில் மடிந்தது. கான்ஸ்டன்ஸ்தான் 1918இல் பிரிட்டிஷ் நாடாளுமன்ற மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் என்பதைப் பாடப்புத்தகம் சொல்லும். வண்டி ஓட்டியதைச் சொல்லாது.

கெட்ட இடம், ஆகவே பெண்ணை வெளியேற்று என்ற நியாயம் எனக்குப் பழக்கமானது. இடத்தைத் திருத்துவதைவிட அது சுலபம். ஆனால் அந்த இடத்தையே முதலில் உண்டாக்கியவள் யார் என்று கேட்டால் கதை இன்னும் பின்னால் போகிறது. 1300வாக்கில் இங்கிலாந்தில் ஏல் காய்ச்சியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஏல் சில நாட்களில் புளித்துவிடும். அதனால் வீட்டுக்கு வேண்டியதைக் காய்ச்சி மிச்சத்தைப் பக்கத்தில் விற்றார்கள். பிறகு ஹாப்ஸ் பூ சேர்த்த பீர் வந்தது. அது கெடாது, தூரத்துக்கு அனுப்பலாம். பெரிய கொப்பரை, முதல், கடன் எல்லாம் வேண்டும். மணமான பெண் தன் பெயரில் ஒப்பந்தம் செய்ய முடியாத நாட்டில் இதன் பொருள் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. 1600வாக்கில் தொழில் ஆண்கள் கைக்குப் போய்விட்டது. ஜூடித் பென்னெட் என்ற வரலாற்றாசிரியர் 1996இல் வெளியிட்ட நூலில் இந்த முந்நூறு ஆண்டுகளைப் பொறுமையாகத் தொடர்ந்து போகிறார். இதற்கிடையில் இலக்கியம் தன் வேலையைச் செய்தது. செஸ்டர் நகரத்து நாடகத்தில் அளவில் ஏமாற்றிய ஏல்காரி நரகத்திலேயே விடப்படுகிறாள்; ஜான் ஸ்கெல்ட்டன் என்ற கவிஞர் ஒரு ஏல்காரியின் அசிங்கத்தை மட்டுமே வைத்து நீண்ட பாட்டு எழுதினார்.

தமிழ் படித்தவளுக்கு விகுதியைப் பார்க்காமல் இருக்க முடியாது. காய்ச்சுபவளுக்குப் பழைய ஆங்கிலச் சொல் 'புரூஸ்டர்'. 'ஸ்பின்ஸ்டர்' என்பதில் இருக்கும் அதே 'ஸ்டர்', பெண்பால் விகுதி. நூற்றவள் கல்யாணமாகாதவள் ஆனாள்; காய்ச்சியவள் ஒரு குடும்பப் பெயராகத் தேய்ந்தாள். இன்னொரு இடத்திலும் ஒட்டிக்கொண்டிருந்தாள்: பப்புகளுக்கு உரிமம் வழங்க நீதிபதிகள் ஆண்டுதோறும் கூடிய அமர்வுக்குப் பெயர் 'புரூஸ்டர் செஷன்ஸ்'. அந்தப் பெண்ணின் பெயரால் கூடித்தான் அவளுக்கு எந்தக் கதவு என்று முடிவு செய்தார்கள். நம் சங்கப் பாடல்களின் அரியற்பெண்டிரையும் கள்ளடு மகளிரையும் நினைத்துக்கொண்டேன். அவர்களை உரையாசிரியர்கள் கடந்துபோகும் வேகத்தையும்தான்.

தடுப்புகள் போன பிறகு என்ன ஆயிற்று? ஒரே கூடமானால் எல்லாருக்கும் இடம் என்று நினைப்போம். ஃப்ளீட் தெருவில் பத்திரிகையாளர்களும் வழக்கறிஞர்களும் கூடும் 'எல் வினோ' என்ற வைன் பாரில் தடுப்பு எதுவும் தேவைப்படவில்லை. விதி போதுமானதாக இருந்தது. பெண்களுக்குக் கவுண்டரில் நின்று வாங்க அனுமதி இல்லை. உட்கார்ந்தால் மேசைக்கு வரும். 1975இல் பால் பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் வந்த பிறகும் இது தொடர்ந்தது. டெஸ் கில் என்ற வழக்கறிஞரும் ஆனா கூட் என்ற பத்திரிகையாளரும் வழக்குப் போட்டார்கள். அதே வைன், உட்காரும் வசதி வேறு, இதில் என்ன குறைச்சல்? கீழ்நீதிமன்றத்தில் அவர்கள் தோற்றார்கள். 1982 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. நீதிபதிகளில் ஒருவர் சரியான இடத்தைத் தொட்டார்: பத்திரிகைக்காரர்கள் அந்தக் கவுண்டரில் நின்று வம்பு பேசித்தான் செய்தி பிடிக்கிறார்கள், அங்கே நிற்க முடியாத பெண் தன் தொழிலில் எதையோ இழக்கிறாள். கோப்பையைப் பற்றிய வழக்கே அல்ல அது.

பிரின்ஸ் ஆல்ஃப்ரடில் அன்று நாங்கள் இருவர் மட்டுமே ஒரு சிற்றறையில். அடுத்த தடுப்புக்கு அப்பால் ஒரு வயதான அம்மா தனியாகச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். கண்ணாடி வழியே தலைமுடி மட்டும் தெரிந்தது. உள்ளதைச் சொன்னால், அந்தத் தடுப்பு எனக்குப் பிடித்திருந்தது. யாரும் முறைக்கவில்லை, நெருங்கி இடிக்கவில்லை. அரைமணி நேரம் காலை நீட்டி உட்கார்ந்தோம். ஊரில் பொது இடத்தில் அப்படி உட்கார்ந்த ஞாபகம் எனக்கு இல்லை. அடைத்துவைக்கச் செய்த அறையில் இளைப்பாறுவது என்ன வகை சுதந்திரம் என்று தோழியிடம் கேட்டேன். "முதல்ல கிளாஸை முடி" என்றாள்.

அரை பைண்ட் ஆப்பிள் சைடர். வகுப்பில் அந்த மாணவி கேட்டபோது, "இல்லைம்மா, சும்மா பார்க்கத்தான் போனேன்" என்று சொல்லிவிட்டேன். பின் பெஞ்சில் ஒரு சிரிப்பு கேட்டது. மேலே பாடத்துக்குப் போய்விட்டேன். அவள் இப்போது இறுதியாண்டு. இந்தத் தொகுப்பு வந்ததும் நூலகத்துக்கு ஒரு பிரதி வாங்கச் சொல்லியிருக்கிறேன்.