அங்கியிலிருந்து சீருடைக்கு: வோலே சோயிங்காவின் ஜெரோ நாடகங்களில் இராணுவ ஆட்சி

இராணுவ ஆட்சியை எள்ளும் நாடகம் என்றதும் சர்வாதிகாரி ஒருவரின் கேலிச்சித்திரமே நம் நினைவுக்கு வரும். நைஜீரிய நாடகாசிரியர் வோலே சோயிங்காவின் 'ஜெரோவின் உருமாற்றம்' (1973) அத்தகையதன்று. அதில் ஆட்சித் தலைவர் மேடைக்கே வருவதில்லை. ஒலிவாங்கிகளின் முன் சீருடையுடன் நிற்கும் ஓர் உருவத்தின் படம் சுவரில் தொங்குகிறது, அவ்வளவே. ஆள்வோரை விடுத்து, அவ்வாட்சியின் கீழ்ப் பிழைக்கக் கற்றவர்களை இவ்வங்கதம் குறிவைப்பது ஏன் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஜெரோ, லாகோஸ் நகரின் பார் கடற்கரையில் தொழில் நடத்தும் போலித் தீர்க்கதரிசி. 1960இல் இபாதான் பல்கலைக்கழகக் கல்லூரியில் அரங்கேறிய முதல் நாடகத்தில் அவன் தனி ஆள். அங்கியும் நாவன்மையுமே அவனது மூலதனம். பதவி ஆசை கொண்ட நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரிடம், போர் அமைச்சர் ஆவீர் என்று அருள்வாக்குச் சொல்லி அவரை வசப்படுத்துகிறான். விடுதலையை எதிர்நோக்கியிருந்த நாட்டில் இது வெறும் வேடிக்கை. 1966இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. 1967இல் உள்நாட்டுப் போர் மூண்டது. சோயிங்கா 1969 வரை சிறையிலிருந்தார். அதன்பின் அவ்வேடிக்கையை அதே சிரிப்புடன் வாசிக்க இயலாது.

யாகுபு கோவோன் அரசு ஆயுதக் கொள்ளைக்கு மரணதண்டனை விதித்தது. 1971 முதல் பார் கடற்கரையில் மக்கள் திரண்டு பார்க்கக் குற்றவாளிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். இரண்டாம் நாடகத்தின் கதை இங்கிருந்தே எழுகிறது. தீர்க்கதரிசிகளை வெளியேற்றிவிட்டு, அக்கடற்கரையில் தண்டனைக் காட்சிக்கென ஓர் அரங்கம் கட்டத் திட்டமிடப்படுகிறது. இதில் ஆசிரியரின் கற்பனை என்று சொல்லத்தக்கவை ஏறத்தாழ இருக்கைகளும் ஒப்பந்தங்களும் மட்டுமே. அரசின் இரகசியக் கோப்பு ஜெரோவின் கைக்கு வருகிறது. அதை வைத்து அதிகாரியை மிரட்டும் அவன், கொலையரங்கை நிறுத்தக் கோரவில்லை. அங்கு நடக்கும் சமயப் பணியின் ஏகபோக உரிமையைக் கேட்கிறான். சக தீர்க்கதரிசிகளைத் திரட்டிப் படைப்பிரிவு போன்ற ஒரு திருச்சபையை அமைத்து, பதவிகளைப் பங்கிட்டுத் தன்னைத் தளபதியாக்கிக்கொள்கிறான். இறுதியில் சுவரிலிருந்த படத்தை அகற்றிவிட்டு, சீருடையிலுள்ள தன் படத்தை மாட்டுகிறான். ஒரு தனிமனிதரைத் தாக்கியிருந்தால் அவர் வீழ்ந்ததும் நாடகம் காலாவதியாகியிருக்கும். இங்கோ சீருடை எவருக்கும் பொருந்தும் உடையாகிறது.

சோயிங்காவின் அங்கதத்தில் வர்க்கப் பார்வை இல்லை என்று நைஜீரிய இடதுசாரித் திறனாய்வாளர்கள் குறைகூறினர். 1977இல் இஃபே பல்கலைக்கழகத்தில் மேடையேறிய 'ஓபரா வோன்யோசி'யைக் குறித்து எழுந்த இக்குறைக்கு, அந்நூலின் முன்னுரையிலேயே அவர் மறுமொழி கூறினார். அந்நாடகத்தைப் பொறுத்தவரை விவாதத்திற்கு இடமுண்டு. ஜெரோ நாடகத்திற்கு இக்குற்றச்சாட்டு பொருந்தாது. நிலம் யாருக்கு, உரிமம் யாருக்கு, யாருடைய சாவில் யாருக்கு வருவாய் என்பதை அது மறைக்கவில்லை. கூட்டத்திலிருந்து வெளிநடப்புச் செய்யும் ஷட்ராக் கூட அறச்சீற்றத்தால் அன்று, தன் மதிப்புக் குறைந்ததாகக் கருதியே வெளியேறுகிறான். எதிர்ப்பாளன் ஒருவனைப் படைத்து அவையோருக்கு ஆறுதல் தர ஆசிரியர் முயலவில்லை.